அக்காவுக்காக ஊதிய ஒன்பது நாட்கள்

என் அக்காவை டிப்போவில் எல்லாரும் டபுள் டெக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்த்து, "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. பதினாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள், வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. கழுவுமிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியை விடுவதற்கு மற்ற டிரைவர்களுக்கு ஆள் நின்று கை காட்ட வேண்டும். அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிடுவாள். அதே டிப்போவில் நான் மெக்கானிக். அவள் வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றுகிற முறை வந்தால் எனக்கு வேலையே இருக்காது, அவ்வளவு பதமாக ஓட்டுவாள்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது ஆளாளுக்கு அவளை 'குடித்துவிட்டு பஸ் ஓட்டியவள்' என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மூன்று வார்த்தையும் உண்மைதான் என்பதால் இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் ஒரு டேப்பில் ஆரம்பித்தது. வருடாந்திர மெடிக்கலுக்கு வந்த புது டாக்டர், டிரைவர் சீட்டில் அவளை உட்காரவைத்து, வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே டேப்பை வைத்துப் பார்த்தார். நான்கு விரல் இடைவெளி வேண்டுமாம். டேப்பே நுழையவில்லை. "அடுத்த வருஷமும் இப்படியே இருந்தா கவுன்டருக்கு மாத்திருவோம்," என்றார். கவுன்டர் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மாதாந்திர பாஸ் எழுதுகிற வேலை.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னாள்: "என்னை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடைச்சா ஒரு வருஷம் தாங்க மாட்டேன்டா. வயித்தை அறுத்தாவது ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குவேன்."

அறுத்தும் விட்டாள். இரைப்பையில் ஒரு முட்டை அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு, மீதியை ஒதுக்கி, குடலை எடுத்து அதோடு நேராக இணைத்து ஒரு ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது வழவழ காகிதத்தில் நாற்பது பக்கப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அதில் முப்பத்தாறு பக்கம் சாப்பாடு. எதை மசிக்க வேண்டும், எத்தனை முறை மெல்ல வேண்டும், கேக் தின்றால் எப்படிப் படபடத்து வியர்த்துக் கொட்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. குடியைப் பற்றி ஒரே ஒரு வரி. 'மது: முதல் ஆறு மாதங்களுக்குத் தவிர்க்கவும்.' இதைப் படிக்கிறவன் என்ன புரிந்துகொள்வான்? ஏழாம் மாதம் குடிக்கலாம் என்றுதானே? இந்த வயிற்றில் ஊற்றினால் அது நில்லாமல் நேரே ரத்தத்துக்குப் போகும், ஒரு கிளாஸ் மூன்று கிளாஸ் வேலை செய்யும், இறங்கவும் நேரமாகும், சாப்பாட்டை இழந்தவர்களில் சிலரை அது கப்பென்று பிடித்துக்கொள்ளும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். "இது பலருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே," என்றார். அந்தப் பலரில் நாங்கள் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர், அதனால் எதையும் எண்ணில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. சமையலறையில் ஒரு சின்னத் தராசு வாங்கி வைத்தார். பிஸ்கட் அலமாரிக்குப் பூட்டு போட்டு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அக்கா வெளியே போய் வந்தால் துப்பட்டாவை முகர்ந்து பார்ப்பார், எங்கேயாவது பொரித்தது வறுத்தது வாடை வருகிறதா என்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார் மனிதர். நாங்களும் அப்படித்தான். அவள் தட்டைப் பார்த்தோம், அவள் மெல்லுவதை எண்ணினோம். எடை குறையக் குறைய அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். டிப்போவில் பெயரும் மாறியது. மினி பஸ்.

மூன்றாம் மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். இங்கேதான் நாங்கள் கோட்டைவிட்ட கதை ஆரம்பம்.

எங்கள் டிப்போவில் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரும் ஊத வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, சுவரில் ஒரு கருவி. டிரைவர் தன் எண்ணை அழுத்திவிட்டுக் குழாயில் ஊத வேண்டும், மூச்சில் சாராயம் இல்லையென்றால் பச்சை எரியும், இருந்தால் சிவப்பு. அறைக்கு வெளியே கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காவலாளி உட்கார்ந்து விளக்கை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வார். குழாய் மாற்றுவது, கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது இதெல்லாம் மெக்கானிக் பொறுப்பு, மதிய ஷிப்டில் அது என் பொறுப்பு. ஆகவே நான் அந்த அறையில் நிற்பதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

திரும்பி வந்த முதல் வாரமே அக்கா ஊதியதும் சிவப்பு. அவள் ஆடிப்போய்விட்டாள். அப்போது சத்தியமாக அவள் எதையும் தொடவில்லை. மேலாளரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. உடம்பில் கொழுப்பு வேகமாகக் கரையும்போது மூச்சில் அழுகின பழம் மாதிரி, நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி ஒரு வாடை வருமாம். எங்களிடம் இருந்தது மலிவான பழைய கருவி, அதற்கு அந்த வாடைக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனை அப்படியே ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தது. கடிதம் அவள் கோப்பில் ஏறியது. மேலாளர் மன்னிப்புக் கேட்டார். மாமா அதைப் படி எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து என்ன வாடை வந்தாலும் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் பதில் தயாராக இருந்தது. "அது ஆபரேஷன் வாடை."

எட்டாம் மாதம், ஒரு கண்டக்டருக்குப் பணி நிறைவு விருந்து. அக்கா கையில் யாரோ அரை கிளாஸ் வைன் கொடுத்தார்கள். முன்பு எப்போதாவது இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுக் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பவள்தான். அன்றைக்கு அரை கிளாஸில் முகம் சிவந்து, கண் மினுங்கி, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அரை கிளாஸ்லயே மினி பஸ் கவுந்துருச்சு," என்று ஒருவன் சொல்ல, விருந்தே குலுங்கியது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு எங்கே நாலு பேர் கூடினாலும் அவள் கையில் அரை கிளாஸைத் திணித்து வேடிக்கை பார்ப்பது ஒரு வழக்கமாகப் போய்விட்டது. அவளைக் கைவிட்டுவிட்டு இன்று வாய் கிழியப் பேசுகிற அத்தனை பேரும் அன்று ஊற்றிக் கொடுத்தவர்கள்தான். ஒருத்தனுக்காவது அது நினைவிருக்கிறதா என்று பார்த்தால், இல்லை.

பின்னால் அக்காவே என்னிடம் சொன்னாள், அவளுக்குள் என்ன நடந்தது என்று. "ஷிப்ட் முடிஞ்சு வந்தா முன்னெல்லாம் சாப்பிடுவேன்டா. திட்டு வாங்கின நாள், வெயில்ல காஞ்ச நாள், எல்லாத்தையும் ஒரு தட்டு போட்டு உக்காந்தா அமுக்கிரலாம். இப்ப ரொட்டி ஒரு வாய் அதிகமா போனா நெஞ்சுல நிக்குது. இனிப்பு தின்னா உயிர் போகுது. இது மட்டும்தான் உள்ள போச்சு. அதுவும் ரெண்டு நிமிஷத்துல எல்லாம் லேசாயிருச்சு." காலையில் மாமாவும் பிள்ளைகளும் கிளம்பிய பிறகு ஆரம்பித்தாளாம். மதியம் ஷிப்ட். நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறதே, இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டாள். பழைய உடம்புக்கு அந்தக் கணக்கு சரி.

பதினோராம் மாதம் ஒரு மதியம் கருவி மறுபடியும் சிவப்பு காட்டியது. அறையில் நானும் அவளும்தான். காவலாளி யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார், சிவப்பைக் கவனிக்கவில்லை.

"பழைய தகராறுதான்," என்றாள் அக்கா. "மறுபடி ரத்தம், கடுதாசின்னு ரெண்டு நாள் இழுப்பாங்க. லீவே இல்லடா எனக்கு."

நான் என்ன யோசித்தேன் தெரியுமா? ஒன்றும் யோசிக்கவில்லை. பதினோராம் மாதத்தில் எடை குறைவது நின்று இரண்டு மாதம் ஆகிவிட்டது, கரைவதற்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். இன்ஜின் புகையின் நிறத்தைப் பார்த்து உள்ளே எந்த வளையம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற எனக்கு இது தெரியாதா? தெரிந்துகொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான். கருவிதான் மட்டம் என்று முன்பே நிரூபணம் ஆகியிருக்கிறதே. நான் குழாயை மாற்றினேன், அவள் எண்ணை அழுத்தினேன், ஊதினேன். பச்சை. காவலாளி எழுதிக்கொண்டார்.

"ஒரு தடவைதான்," என்றேன்.

"ஒரு தடவைதான்டா," என்றாள்.

மூன்று வாரத்தில் ஒன்பது நாள் ஊதினேன். நாலாவது நாளிலிருந்து அவள் கேட்கவும் இல்லை, நான் காரணம் சொல்லவும் இல்லை. அவள் எண்ணை அழுத்துவாள், நான் ஊதுவேன், அக்காவும் தம்பியும் ஏதோ சாமான் கை மாற்றுவதுபோல. ஆறாவது நாள் அவள் வண்டி இடது பக்கக் கண்ணாடி உடைந்து வந்தது. பதினாறு வருடத்தில் முதல் தடவை. "கம்பம் ரொம்ப வெளிய துருத்திக்கிட்டு இருந்துச்சு," என்றாள். நான் புதுக் கண்ணாடி மாட்டினேன். "கம்பத்தை யாரோ தள்ளி நட்டுட்டாங்க போல," என்று கிண்டல் வேறு செய்தேன். அந்த இடது பக்கம்தான் நடைபாதை இருக்கிற பக்கம். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒன்பதாவது நாள். ஊதி முடித்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவள் வண்டியின் முன்கதவு மூடவில்லை என்று கூப்பிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கதவுக்கு மேலே காற்றுக் குழாயை இறுக்கிவிட்டு இறங்கினேன், தொண்டை வறண்டுவிட்டது. அக்கா சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்குக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பக்கத்தில் அவளுடைய புரோட்டீன் குலுக்கி. மூடி போட்ட பெரிய டம்ளர் மாதிரி இருக்கும், பவுடரைத் தண்ணீரில் கலந்து ஒரு நாளைக்கு மூன்று முறை குடிக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கே போனாலும் அதைக் கையில் வைத்திருப்பாள். "பாரு, வேளை தவறாம குடிக்கிறா," என்று மாமா எல்லாரிடமும் பெருமை பேசுவார்.

"கொஞ்சம் குடு," என்றேன்.

"வேண்டாம்டா. அது எனக்கு. பைப்புல போய்க் குடி."

"உன் பவுடரைக் குடிச்சு எனக்கும் இடுப்பு வரட்டுமே," என்று பிடுங்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன்.

தொண்டை முழுக்க எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெனிலா வாடைக்கு அடியில் பச்சைச் சாராயம். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கு," என்றாள். "லேட்டாகுது. மொத ஸ்டாப்புல கூட்டம் நிக்கும்."

"சாவியைக் குடுக்கா."

"எறங்குடான்னா."

"அக்கா, நீ குடிச்சிருக்க."

"இல்லாம நீ எதுக்கு ஊதுற?"

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவளை இழுத்துப் போட்டிருப்பேன். முன்பு அவளை அசைக்கவே மூன்று பேர் வேண்டும். இப்போது அறுபத்தொன்பது கிலோ, ஒரே கையில் முடிந்திருக்கும். அவள் இன்ஜினைக் கிளப்பினாள். நான் குலுக்கியோடு குதித்து இறங்கி வண்டியின் பின்பக்கம் ஓடினேன். அங்கே தகட்டைத் திறந்தால் இன்ஜினை அணைக்கிற அவசர சுவிட்சும், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற பிடியும் இருக்கும், தீப்பிடித்தால் பயன்படுத்துவதற்காக. முதலில் சுவிட்சை அமுக்கினேன், பிறகு பிடியைத் திருகினேன். வண்டி ஒரு உதறு உதறிச் செத்தது. பிடியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குலுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, நேரே மேலாளர் அறைக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன், கண்ணாடி உடைந்தது உட்பட. "எத்தனை நாள்?" என்றார். "ஒன்பது," என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

இருவரும் இடைநீக்கம் ஆனோம். மாமா என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். "கூடப் பொறந்தவன் பண்ற வேலையாடா இது? என்கிட்ட சொல்லியிருந்தா வீட்டோட பாத்திருப்பேன்ல? ஊரைக் கூட்டி அவ மானத்தை வாங்கிட்டியே."

"நீங்க வீட்டோட பாத்த லட்சணம்தான் தெரியுதே," என்று நானும் கத்தினேன். "பிஸ்கட்டுக்குப் பூட்டுப் போட்டீங்க. குலுக்கியை முகந்து பாத்தீங்களா?"

அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. அந்தக் குலுக்கியை தினமும் ராத்திரி கழுவி வைப்பவர் அவர்தான் என்று பிறகு அக்கா சொன்னாள். அவரும் அதை ஆபரேஷன் வாடை என்றே நினைத்தாராம். குலுக்கிக்கு யாராவது ஆபரேஷன் செய்வார்களா? ஆனால் எனக்குச் சிரிக்க என்ன தகுதி இருக்கிறது.

அக்கா ஒரு மாதம் சிகிச்சைக்கு உள்ளே இருந்தாள். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் போய் வந்தாள். என்னோடு பேசவில்லை. என் போனை எடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தேன் என்று கோபமாக இருக்கிறாள், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அவள்மேல் கோபம்தான். உன்னைக் காப்பாற்றத்தானே என் வேலையையும் சேர்த்துப் பணயம் வைத்தேன் என்று கண்ணாடி முன்னால் நின்று பல் தேய்க்கும்போதெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. ஒரு நீள மேசை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும், நடுவில் தொழிற்சங்கத்துக்காரர். அக்காவுக்கு வண்டி இனிக் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். இனி ஓட்ட மாட்டேன் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். என் வேலைதான் தொங்கிக்கொண்டிருந்தது. நானாகப் போய்ச் சொன்னேன் என்று மேலாளர் எனக்குச் சாதகமாக எழுதியிருந்தார். சங்கத்துக்காரர் வெளியிலேயே அக்காவுக்குப் பாடம் எடுத்துவிட்டார். "தம்பியைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா. பாசத்துல பண்ணிட்டான்னு சொல்லுங்க. பழைய இடத்துலயே போட்டுருவாங்க." அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் இருந்த அம்மா கேட்டார், "உங்க தம்பி விஷயமா ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

அக்கா எழுந்து நின்றாள். சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்க்கவில்லை.

"குடிச்சிட்டு வந்து மொத நாள் சிவப்பு விழுந்தப்ப நான் பயந்துட்டேங்க," என்றாள். "ஆனா உள்ளுக்குள்ள நிம்மதியாவும் இருந்துச்சு. மாட்டிக்கிட்டோம், இனி யாராவது நிறுத்திருவாங்கன்னு. என்னால நிறுத்த முடியல. வாய் திறந்து சொல்லவும் முடியல. அந்த மெஷின் எனக்காகச் சொல்லுச்சு. அப்ப இவன் வந்து ஊதுனான்."

அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

"பாசம்தாங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு அவன் ஊதாம இருந்திருந்தா, அன்னைக்கே நான் வீட்டுல உக்காந்திருப்பேன். ஒன்பது நாள் ஊதுனான். அதுல எட்டு நாள் ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போனேன். ஸ்கூல் பிள்ளைங்க பின் சீட்டுல பாடிக்கிட்டு வந்துச்சுங்க. எனக்கு ரெண்டு சிக்னல் நினைவே இல்ல." குரல் உயரவில்லை. "எனக்கு வண்டி குடுக்காதீங்க. இவனுக்கு அந்த ரூம் குடுக்காதீங்க. நாளைக்கு வேற யாராவது வந்து ஒரு தடவைதான்னு அழுதா, இவன் மறுபடி ஊதுவான். எனக்கு இவனைத் தெரியும்."

சங்கத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. பேட்டரியைத் துண்டித்தவன் நான், உன்னை நிறுத்தியவன் நான், யாருக்காகடி செய்தேன் எல்லாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். இரண்டு மாதமாக நான் காட்டிக்கொடுத்ததற்காகக் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கோபம் நான் மேலாளரிடம் சொன்ன அந்த ஒரு தடவைக்காக அல்ல, நான் ஊதிய ஒன்பது நாளுக்காக.

"அக்கா சொல்றது சரின்னு எழுதிக்குங்க," என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன்.